காளான் பிரட்டல் குளமாகிவிடுகிறது, எங்கே பிழை?

ஹட்டன்காரி | ஞாயிறு, இரவு 8.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு சின்ன அடுப்படிப் பிரச்சினை.

இன்று ராத்திரி ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளச் சட்டென்று ஏதாவது செய்யலாம் என்று டவுனில் 200 கிராம் சிப்பிக் காளான் பக்கட் ஒன்று வாங்கி வந்தேன். மாமியார் சொன்னபடி மஞ்சள் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, கத்தியால் பொடியாக அரிந்து, வெங்காயம் தாளித்த சட்டியில் கொட்டி, உப்பும் கறித்தூளும் போட்டு மூடி வைத்தேன். மூடியைத் திறந்தால் பிரட்டலைக் காணோம், குளம்தான் இருந்தது. வற்றட்டும் என்று இருபது நிமிடம் விட்டேன். மழை நாள், கேஸ் வேறு முடியப் போகிறது, பொறுமை போய்விட்டது. ஒரு கரண்டி கோதுமை மாவைக் கரைத்து ஊற்றிவிட்டேன். (தெரியும், யாரும் திட்டாதீர்கள்.)

சின்னவன் ஒரு வாய் வைத்துவிட்டு "அம்மா, இது ரப்பரா?" என்றான். எல்லாரும் ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலோடு முடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். சட்டி அப்படியே இருக்கிறது.

கடையில் சாப்பிடும்போது மட்டும் ஓரமெல்லாம் முறுகி, மிளகு வாசத்தோடு, ஈரமே இல்லாமல் இருக்கிறதே. அது எப்படி? பட்டர், கிரீம், சோஸ் எல்லாம் வேண்டாம். வீட்டில் இருக்கிற சாமான் போதும்.

எட்டாம்நம்பர்மலை | ஞாயிறு, இரவு 8.52

அக்கா, அந்தச் சட்டியைக் கழுவிவிடாதீர்கள். அடுத்த தேர்தலுக்குப் போஸ்டர் ஒட்ட உதவும்.

ரொட்டிச்சட்டி | ஞாயிறு, இரவு 9.20

தங்கச்சி, பாவம் அந்தக் காளான். ஊறவைத்தீர்கள், அரிந்தீர்கள், உப்புப் போட்டீர்கள், மூடினீர்கள். தண்ணீர் விட வைப்பதற்கு என்னவெல்லாம் செய்யலாமோ அத்தனையையும் வரிசையாகச் செய்திருக்கிறீர்கள்.

நான் தலவாக்கலைப் பக்கம். எங்கள் அம்மா விறகடுப்பில் இரும்புச் சட்டியில்தான் செய்வார். எனக்கு அவர் சொன்னது ஒன்றுதான்: "காளானுக்கு எண்ணெய் கடைசியில், உப்பு அதற்கும் கடைசியில்." அப்போது காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அகப்பைக் காம்புதான் பதில்.

சிப்பிக் காளானைக் கத்தியால் தொடாதீர்கள். அடியில் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கெட்டியான கட்டையை மட்டும் வெட்டி எறியுங்கள். சின்னவனுக்கு ரப்பராகப் பட்டது பெரும்பாலும் அதுதான். மற்றதைக் குடை விளிம்பிலிருந்து தண்டு வரை விரலால் கிழித்தால் கோடு கோடாக அழகாகப் பிரியும். சுண்டுவிரல் அகலம் போதும். பொடியாகக் கிழித்தால் சட்டியில் காணாமல் போய்விடும்.

சட்டியை வெறுமையாக அடுப்பில் வைத்து நன்றாகக் காய விடுங்கள். ஒரு துளி தண்ணீர் தெளித்தால் ஓடி மறைய வேண்டும். எண்ணெய் இல்லாமல் காளானைப் போடுங்கள். நெருப்புக் குறையக் கூடாது, மூடி கூடாது. இனி காதைக் கொடுங்கள். முதலில் கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். பிறகு தண்ணீர் விட்டுச் சளசளவென்று கொதிக்கும். பயப்படாதீர்கள், அது போகப் போகிற தண்ணீர். நாலைந்து நிமிடத்தில் சளசள அடங்கிச் சொரசொரவென்று காய்ந்த சத்தம் வரும். அந்த இடத்தில் வாசமும் மாறும், பச்சை மண் வாசம் போய்க் கச்சான் வறுக்கிற மாதிரி ஒரு வாசம். அப்போதுதான் காளானை ஓரமாக ஒதுக்கி, நடுவில் தேங்காய் எண்ணெய் விட வேண்டும். கடுகு, கறிவேப்பிலை, சின்ன வெங்காயம், பூண்டு, கீறின கொச்சிக்காய். வெங்காயம் வதங்கியதும் எல்லாவற்றையும் சேர்த்துப் பிரட்டி, மிளகு இடித்துப் போட்டு, உப்புப் போட்டு இறக்கிவிடுங்கள்.

மாவு கரைத்தது பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அளவுகோல் | ஞாயிறு, இரவு 10.05

ரொட்டிச்சட்டி அக்கா சொன்ன முறை சரி. ஆனால் "தண்ணீர் ஆகாது" என்று பொதுவாகச் சொல்வதில் எனக்கு ஒரு மறுப்பு இருக்கிறது.

காளானில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு தண்ணீர்தான். 200 கிராம் பக்கட்டில் 180 கிராம் தண்ணீர், ஏறக்குறைய ஒரு தேநீர்க் கோப்பை நிறைய. அதை வெளியே எடுக்காமல் எதையும் முறுக்க முடியாது, ஏனென்றால் சட்டியில் தண்ணீர் இருக்கும்வரை சூடு கொதிநிலையைத் தாண்டாது. நிறம் மாறி வாசம் வர அதைவிட நிறையச் சூடு வேண்டும்.

அந்தத் தண்ணீரை எடுக்க நான் செய்வது நேர் எதிர். காளானோடு அரைக் கோப்பை தண்ணீர் ஊற்றிக் கொதிக்க விடுவேன். சிரிக்காதீர்கள். காளான் உள்ளே பஞ்சு மாதிரி, காற்றறைகள் நிறைந்தது. பச்சையாக எண்ணெயில் போட்டால் இரண்டு கரண்டி எண்ணெயையும் குடித்துவிட்டு இன்னும் கேட்கும். ஆவியில் ஒருதரம் வெந்தால் அந்த அறைகள் அமுங்கிச் சுருங்கிவிடும், தன் தண்ணீரையும் விட்டுவிடும். ஊற்றியதும் விட்டதும் சேர்ந்து வற்றிய பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெய் போதும், ஏனென்றால் குடிக்க இடமே இல்லை. தீய்ந்து போகிற பயமும் இல்லை.

இன்னொன்று. கூட வெந்தால் காளான் ரப்பராகும் என்று பலர் பாதியில் இறக்கிவிடுகிறார்கள். உருளைக்கிழங்கும் கரட்டும் வேக வேகக் குழைவது அவற்றின் சுவரைப் பிணைக்கிற பெக்டின் என்ற பொருள் சூட்டில் கரைவதால். காளானின் கலச்சுவரில் இருப்பது கைட்டின். இறால் ஓட்டில் இருக்கிற அதே பொருள். அது கொதிக்கிற சூட்டுக்கெல்லாம் அசையாது. அதனால் பத்து நிமிடம் வெந்த காளானுக்கும் நாற்பது நிமிடம் வெந்த காளானுக்கும் கடிப்பதில் பெரிய வித்தியாசம் இருக்காது. தாராளமாக வற்ற விடலாம்.

நம் பக்கத்து உயரத்தையும் கணக்கில் எடுங்கள். நான் இருக்கும் நுவரெலியா 1868 மீட்டர், இங்கே தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஹட்டனில் 96க்கு அருகில்.

ரொட்டிச்சட்டி | ஞாயிறு, இரவு 10.18

குளத்தில் விழுந்தவளிடம் இன்னும் அரைக் கோப்பை ஊற்றச் சொல்கிறீர்களே தம்பி.

எட்டாம்நம்பர்மலை | ஞாயிறு, இரவு 10.21

94 பாகையால் காளானுக்கு என்ன நட்டம்? நான் மஸ்கெலியாவில் பருப்பு வேகாமல் பட்டினி கிடந்தவன், அது எனக்குப் புரிகிறது. வறுக்கிற சாமானுக்கு இது எதற்கு?

அளவுகோல் | ஞாயிறு, இரவு 10.34

நியாயமான கேள்வி. நட்டம் ஒன்றுமில்லை. பருப்புக்கும் கிழங்குக்கும்தான் அது தொல்லை. தண்ணீர் வற்றிய பிறகு சட்டியின் சூடு மலையிலும் கொழும்பிலும் ஒன்றுதான். உயரத்தைப் பற்றிப் பேச வாய்ப்புக் கிடைத்தது, விடவில்லை.

காளான்குடில் | திங்கள், காலை 5.50

நான் பண்டாரவளையில் சின்ன அளவில் சிப்பிக் காளான் வளர்க்கிறேன். பக்கட் உங்கள் கைக்கு வருவதற்கு முன்பே பாதிக் கதை நடந்துவிடுகிறது, அதையும் கேளுங்கள்.

பத்துக் கிலோ மரத்தூளுக்கு ஒரு கிலோ தவிடு, அதோடு கொஞ்சம் கல்சியம் காபனேற்று, கொஞ்சம் மக்னீசியம் சல்பேற்று கலந்து பையில் அடைத்து, பீப்பாயில் ஆவியில் அவித்து, ஆறிய பிறகு விதை போடுவோம். ரப்பர் மரத்தூள் என்றால் நல்லது. பை முழுவதும் வெள்ளை படர கீழ்நாட்டில் ஒரு மாதம் என்றால் இங்கே குளிருக்கு இன்னும் பத்து நாள் இழுக்கும். படர்ந்த பிறகு பையைத் திறந்து ஈரம் காட்ட வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் தண்ணீர் தெளிப்பு. வெயில் நாள் என்றால் கூட.

இங்கேதான் விஷயம். பறிப்பதற்குச் சற்று முன்னால் தெளித்தால் காளான் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கனமாக இருக்கும். நிறுவைக்கு லாபம், சமைக்கிறவருக்கு நட்டம். நான் முதல் நாள் மாலைக்குப் பிறகு தெளிப்பதில்லை, விடியற்காலை பறிப்பேன். (இப்போது பறித்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.) ஆகவே கடையில் பக்கட்டைத் திருப்பிப் பாருங்கள். உள்ளே பொலித்தீனில் முத்து முத்தாக வியர்த்திருந்தால், அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் எடுக்காதீர்கள். குடையின் ஓரம் இன்னும் லேசாக உள்பக்கம் வளைந்திருந்தால் இளசு. விரிந்து, நெளிந்து, ஓரம் கிழிந்திருந்தால் முற்றியது.

வீட்டுக்கு வந்ததும் பொலித்தீனைக் கழற்றிவிட்டுப் பழைய பத்திரிகைத் தாளிலோ கடதாசிப் பையிலோ சுற்றிப் பிரிட்ஜில் வையுங்கள். அதற்கும் மூச்சு விட வேண்டும்.

ஹட்டன்காரி | திங்கள், காலை 6.15

அண்ணா, நேற்று வாங்கியதில் அடித்தண்டைச் சுற்றி வெள்ளையாகப் பஞ்சு மாதிரி இருந்தது. பூஞ்சணம் என்று பயந்துதான் அவ்வளவு நேரம் ஊறவைத்தேன்.

காளான்குடில் | திங்கள், காலை 6.40

அது பூஞ்சணம் இல்லை தங்கச்சி. சரியாகச் சொன்னால் காளானே ஒரு பூஞ்சணம்தான், அது தன் வேரைத் தானே விடுகிறது. பறித்த பிறகும் அதற்கு உயிர் இருக்கிறது, குளிரிலும் மெதுவாகப் படரும். அடியில் வெள்ளைப் பஞ்சு, குடைமேல் வெள்ளை மா தூவினது போல இருப்பது (அது வித்து) இரண்டுக்கும் பயப்பட வேண்டாம். பச்சை, கறுப்பு, மஞ்சள் புள்ளி வந்தால் எறியுங்கள். தொட்டால் வழவழவென்று பிசுபிசுத்தால் எறியுங்கள். மூக்கில் வைத்தால் பழைய மீன் வாடையோ நவச்சார (அமோனியா) வாடையோ அடித்தால் யோசிக்கவே வேண்டாம்.

அந்த வித்துத் தூள் உங்களை ஒன்றும் செய்யாது. குடிலில் தினமும் நிற்கிற எங்களுக்குத்தான் இருமல். முகக்கவசம் இல்லாமல் நான் உள்ளே போவதில்லை.

பசறையான் | திங்கள், பிற்பகல் 1.05

பக்கட் காளான், பிரிட்ஜ், கடதாசி... என்ன காலமப்பா. எங்கள் பசறைப் பக்கம் சித்திரை மழை இடியோடு இரண்டு நாள் கொட்டினால் மூன்றாம் நாள் விடிய ஆத்தா கூடையோடு கிளம்பிவிடும். தேயிலை மலைக்குக் கீழே மாணாப் புல் ஓரத்தில் கறையான் புற்றைச் சுற்றி வெள்ளை வெள்ளையாகப் புற்றுக்காளான் முளைத்திருக்கும். நடுவில் கூம்பு மாதிரி ஒரு முனை, அடியில் நீளமான வேர் மண்ணுக்குள் புற்றுக்கே போகும். இழுத்தால் அறுந்துவிடும், குச்சியால் கிளறித்தான் எடுக்க வேண்டும். காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்கு ஆள் எடுக்கும் இடம்) பெயர் கொடுக்கிற நேரத்துக்குள் ஒரு கூடை. லயத்தில் ஒரு வீட்டில் கிடைத்தால் பத்து வீட்டிலும் மணக்கும். மிளகும் உப்பும் மட்டும்தான். கோழி இறைச்சி தோற்றுப்போகும். சிப்பிக் காளானெல்லாம் அதன் கால் தூசிக்கு வராது.

விஷக் காளானா என்று பார்க்க ஆத்தா சட்டியில் ஒரு பூண்டுப் பல்லும் வெள்ளிக் காசும் போடும். கறுத்தால் கொட்டிவிடும். ஒருநாளும் ஒன்றும் ஆனதில்லை.

வெள்ளைச்சப்பாத்து | திங்கள், மாலை 6.30

பசறையான் அண்ணா, முதல் பத்தியை ரசித்துப் படித்தேன். இரண்டாவது பத்தியைத் தயவுசெய்து யாரும் நம்பிவிடாதீர்கள். நான் தாதி.

பூண்டு கறுப்பது, வெள்ளிக் காசு கறுப்பது, மஞ்சள் தண்ணீர் நிறம் மாறுவது, புழு தின்றிருந்தால் நாமும் தின்னலாம் என்பது, இதில் ஒன்றுக்கும் காளானின் நஞ்சோடு தொடர்பு கிடையாது. உங்கள் ஆத்தாவைக் காப்பாற்றியது காசு இல்லை, கண். அவர் புற்றையும் வேரையும் முனையையும் பார்த்துப் பறித்திருக்கிறார், ஆண்டுக்கணக்காக அதே இடத்தில். அந்தக் கண் நமக்கு இல்லை.

உயிரைக் குடிக்கிற வகைகளில் இருப்பது அமாடொக்சின் என்ற நஞ்சு. வேகவைத்தாலும் வறுத்தாலும் காயவைத்தாலும் அது போகாது. ருசியும் காட்டிக்கொடுக்காது. சாப்பிட்டவுடன் வாந்தி வந்தால் பரவாயில்லை என்றுகூடச் சொல்வேன். இது அப்படியில்லை. ஆறு மணி நேரம், சில சமயம் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலே ஒன்றுமே தெரியாது. பிறகு வயிற்றோட்டமும் வாந்தியும். அடுத்த நாள் கொஞ்சம் சுகமான மாதிரி இருக்கும், வீட்டில் எல்லாரும் நிம்மதியாவார்கள். அந்த நேரத்தில்தான் ஈரல் அழிந்துகொண்டிருக்கும். மூன்றாம் நாள் மஞ்சள் பூத்துக் கொண்டுவந்தால் எங்களால் செய்ய முடிவது குறைவு.

காட்டுக் காளான் சாப்பிட்டு யாருக்காவது சந்தேகம் வந்தால் அறிகுறிக்குக் காத்திருக்க வேண்டாம். 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மிச்சக் காளானையும், சமைத்தது இருந்தால் அதையும் கையோடு கொண்டுபோங்கள்.

பசறையான் | திங்கள், இரவு 7.15

சரி தங்கச்சி, ஒத்துக்கொள்கிறேன். ஆத்தா போன பிறகு நானும் பறிக்கப் போனதில்லை. போன வருடம் புற்றுப் பக்கம் ஒன்று பார்த்தேன், குனிந்து பார்த்துவிட்டு வந்துவிட்டேன். நிச்சயம் வரவில்லை.

மட்டுறுத்துநர் | திங்கள், இரவு 7.30

இந்தக் காளான் தின்னலாமா என்று படம் போட்டுக் கேட்கும் பதிவுகள் இங்கே அனுமதியில்லை. இன்று ஒன்று வந்தது, நீக்கிவிட்டேன். படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. பிரட்டலுக்குத் திரும்புவோம்.

ஹட்டன்காரி | திங்கள், இரவு 8.20

வெள்ளைச்சப்பாத்து அக்கா, உங்கள் பதிவை மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். மஞ்சள் விஷத்தை எடுக்காது என்றதும் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. 2020-இல் மஞ்சள் விலை ஏறிக்கிடந்தபோதுகூடக் காளானுக்கென்று அவர் ஒரு சிட்டிகை ஒதுக்கிவைத்தவர். "கடைக் காளானில் விஷம் இல்லையென்றால் பிறகு எதற்குக் கழுவுவது?" என்கிறார். உண்மையில் கழுவ வேண்டுமா?

காளான்குடில் | செவ்வாய், காலை 6.05

சிப்பிக் காளான் மண்ணைத் தொடுவதே இல்லை, மரத்தூள்தான். தூள் ஒட்டியிருந்தால் துணியால் துடைத்தால் போதும். மனம் கேட்கவில்லையென்றால் குழாய்த் தண்ணீரில் ஒரு நொடி காட்டி, இரண்டு கையாலும் மெல்ல அழுத்தி உதறுங்கள். மொட்டுக் காளான் வேறு கதை, அதற்கு மேலே ஒரு மண் படை போட்டு வளர்ப்பார்கள், கறுப்பாக ஒட்டியிருக்கும். அதைக் கழுவலாம்.

அளவுகோல் | செவ்வாய், காலை 7.10

மொட்டுக் காளான் முழுசாக இருக்கும்போது தண்ணீரை மிகக் கொஞ்சம்தான் இழுக்கும், நான் தராசில் வைத்தே பார்த்திருக்கிறேன். வெட்டிய பிறகு ஊறவைத்தால்தான் தொல்லை. சிப்பிக் காளானில் அடிப்பக்கச் செதில்களுக்கிடையே தண்ணீர் நின்றுவிடும். ஆக கழுவுவது குற்றமில்லை, ஊறவைப்பதுதான். மாமியாரிடம் அப்படிச் சொன்னால் அவருக்கும் மரியாதை, உங்களுக்கும் பிரட்டல்.

எட்டாம்நம்பர்மலை | செவ்வாய், இரவு 9.45

கொழும்பு போர்டிங் அறையிலிருந்து ஒரு பரிசோதனை அறிக்கை. அடுப்பு இல்லை. ரைஸ் குக்கர் மட்டும். மொட்டுக் காளானை நாலாக வெட்டிப் போட்டு ரொட்டிச்சட்டி அக்கா சொன்னபடி காதைக் கொடுத்துக் காத்திருந்தேன். தண்ணீர் வற்றியதும் டக்கென்று 'வார்ம்' பக்கம் போய்விட்டது. மறுபடி அமுக்கினேன். மறுபடி டக். ஐந்து தரம் சண்டை போட்டு, ஆறாவது தரம் எண்ணெய், வெங்காயம், இடித்த கொச்சிக்காய் போட்டேன். அறை நண்பன் காலியில் இருந்து வந்தவன், உம்பலகட (மாசிக் கருவாடு) இல்லையா என்று கேட்டுத் தன் போத்தலைத் திறந்து ஒரு கரண்டி மாசியைத் தூவினான். மக்களே, நான் இதுவரை சாப்பிட்ட காளானெல்லாம் காளானே இல்லை.

ரொட்டிச்சட்டி | செவ்வாய், இரவு 10.02

மாசி போட்டால் யார்தான் சமைக்கமாட்டார்கள்? எங்கள் வீட்டில் காளானை வெள்ளிக்கிழமைக்குத்தான் வைத்திருப்பது. சைவத்தில் மாசியைக் கொண்டு வருகிறீர்களே.

பசறையான் | செவ்வாய், இரவு 10.15

காளானே சைவமா என்பது எங்கள் வீட்டில் தீராத வழக்கு. விரத நாளில் அப்பா தொடமாட்டார். செடியில் காய்க்கவில்லை, கொடியில் பூக்கவில்லை, இறைச்சி மாதிரி மணக்கிறது, பிறகென்ன சைவம் என்பார். மற்ற நாளில் முதல் ஆளாக உட்காருவார்.

அளவுகோல் | செவ்வாய், இரவு 10.40

வழக்கைத் தீர்க்க என்னால் முடியாது, செடியும் இல்லை விலங்கும் இல்லை என்பது மட்டும் உண்மை. ஆனால் இறைச்சி மாதிரி மணப்பதற்குக் காரணம் உண்டு. காளானில் குளூட்டமேற்று நிறைய, அஜினமோட்டோவில் இருக்கிற அதே பொருள். மாசி காய்ந்த மீன், அதில் இனோசினேற்று என்ற இன்னொரு ருசிப் பொருள். இரண்டும் நாக்கில் ஒன்றாகப் பட்டால் ருசி கூட்டலாக ஏறாது, பெருக்கலாக ஏறும். போர்டிங் அறைத் தம்பி கண்டது அதைத்தான். மாசி வேண்டாதவர்கள் காளானை நன்றாகச் சிவக்க வைத்தாலே பாதி தூரம் வந்துவிடலாம்.

வெள்ளைச்சப்பாத்து | புதன், பகல் 12.20

இடையில் ஒரு வார்த்தை. சமைப்பதற்கு முன் காளானைச் செதில் பக்கம் மேலே இருக்கும்படி தட்டில் பரப்பிக் கொஞ்ச நேரம் வெயிலில் வைத்தால் விட்டமின் டி ஏறும். நம் தோலில் நடப்பது போலத்தான்.

எட்டாம்நம்பர்மலை | புதன், பகல் 12.31

ஹட்டனில் வெயிலா? எந்த மாதம்?

ஹட்டன்காரி | சனி, இரவு 8.55

இன்றுதான் நேரம் கிடைத்தது. இரண்டு பக்கட் வாங்கினேன், காளான்குடில் அண்ணா சொன்னபடி திருப்பித் திருப்பிப் பார்த்து. கடைக்காரர் என்னைத் திருடியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். போன வாரம் வாங்கிய கடைக்குப் போகவில்லை.

ஒரு அடுப்பில் ரொட்டிச்சட்டி அக்காவின் காய்ந்த சட்டி. மற்றதில் அளவுகோல் அண்ணாவின் அரைக் கோப்பைத் தண்ணீர். மகள் நேரம் பார்த்தாள், சின்னவன் சத்தம் கேட்டான்.

காய்ந்த சட்டி ஏழு நிமிடத்தில் சொரசொரவுக்கு வந்தது. நடுவில் ஒருதரம் சட்டி நிறையப் போட்டதால் தண்ணீர் தேங்கப் பார்த்தது, பாதியை வெளியே எடுத்து இரண்டு தவணையாகச் செய்தேன். அக்கா, இதை நீங்கள் சொல்லவில்லை! ஓரமெல்லாம் முறுகி, நடுவில் கொஞ்சம் மெத்தென்று, சில இடத்தில் கறுத்தும் இருந்தது. தண்ணீர்ச் சட்டிக்குப் பதினான்கு நிமிடம். அதுவரை எனக்கு நம்பிக்கையே இல்லை, போன வாரக் குளம்தான் ஞாபகம். வற்றியதும் பார்த்தால் காளான் சின்னதாகச் சுருண்டு, ஒரே நிறமாக, ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே பளபளத்தது. காய்ந்த சட்டிக்கு மேசைக்கரண்டி ஒன்றரை தேவைப்பட்டது.

பிறகு இரண்டுக்கும் ஒரே தாளிப்பு. கடுகு, கறிவேப்பிலை, பன்னிரண்டு சின்ன வெங்காயம் வட்டமாக அரிந்தது, நாலு பல் பூண்டு தட்டியது, பச்சைக் கொச்சிக்காய் இரண்டு. காளானைச் சேர்த்துப் பிரட்டி, அம்மியில் ஒன்றிரண்டாக நசுக்கின மிளகு ஒவ்வொன்றுக்கும் அரைத் தேக்கரண்டி, வறுத்த கறித்தூள் கால் தேக்கரண்டி, உப்புக் கடைசியில். இறக்கி வைத்து அரைத் தேசிக்காய் பிழிந்தேன். அடுப்பிலேயே பிழிந்தால் கசக்கும் என்று மாமியார் தடுத்துவிட்டார்.

முடிவு: பிள்ளைகள் இருவரும் காய்ந்த சட்டிப் பக்கம். தட்டில் ரொட்டி முடிந்த பிறகும் கறுத்த துண்டுகளைப் பொறுக்கிச் சாப்பிட்டார்கள். மாமியாருக்குப் பல் தொல்லை, அவர் தண்ணீர்ச் சட்டி. எனக்கு... சோற்றுக்கு இரண்டாவது, ரொட்டிக்கு முதலாவது. கேஸ் விலையைப் பார்த்தால் முதலாவதுதான் கட்டும்.

ரொட்டிச்சட்டி | சனி, இரவு 9.10

சட்டி நிறையப் போடாதே என்று சொல்லாமல் விட்டது என் பிழைதான். எங்கள் வீட்டுச் சட்டி பெரிசு, எனக்குத் தோன்றவே இல்லை. 200 கிராமை அகலச் சட்டியில் ஒரே படையாகப் பரப்ப முடிய வேண்டும், அடி கொஞ்சம் தெரிய வேண்டும்.

தண்ணீர்ச் சட்டிக்கும் நாலு பேர் இருக்கிறார்கள் என்று தெரிகிறது. நாளைக்கு நானும் ஒருதரம் ஊற்றிப் பார்க்கிறேன், யாரிடமும் சொல்லாதீர்கள்.

அளவுகோல் | சனி, இரவு 9.14

அக்கா, இந்தப் பதிவை அச்சடித்துச் சட்டம் போட்டு மாட்டப் போகிறேன்.

காளான்குடில் | ஞாயிறு, காலை 6.20

அடுத்த தரம் லீக்ஸ் ஒன்றை வட்டமாக அரிந்து வெங்காயத்துக்குப் பதிலாகப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதுதான் வழக்கம். மிளகைக் கொஞ்சம் கூட்டி, கறித்தூளை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் லீக்ஸின் இனிப்பு தெரியாது.

ஹட்டன்காரி | ஞாயிறு, காலை 7.35

லீக்ஸில் வெள்ளை மட்டுமா, பச்சையும் போடலாமா அண்ணா? மாமியார் பச்சைப் பக்கத்தை எறியவிடமாட்டார்.

காளான்குடில் | ஞாயிறு, காலை 7.50

இளம் பச்சை வரைக்கும் போடலாம். கடும் பச்சையை மெல்லிசாக அரிந்து, காளானைப் போடுவதற்கு முன்பே தனியாக வதக்கி எடுத்துவிடுங்கள், அதற்கு நேரம் கூட வேண்டும். மடிப்புக்குள் மண் இருக்கும். அதை மாமியாரிடம் கொடுத்து, மஞ்சள் தண்ணீரில் நன்றாக ஊறவைக்கச் சொல்லுங்கள்.